கிணற்றை மூடுங்கள், மனிதரைக் கட்டாதீர்கள்

அப்பா பம்புசெட்டுப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தபடி நின்றார் என்று பக்கத்து நிலத்துக்காரர் வந்து சொல்கிறார். அன்று ராத்திரி நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பாவுக்குத் திட்டு விழுகிறது. “எத்தினி தடவ சொன்னேன், அந்தப் பக்கம் போவாதன்னு!” அவர் விழிக்கிறார். நீங்கள் சொன்னது அவருக்கு நினைவில்லை. சொன்னதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மூளைப் பகுதியே தேய்ந்துகொண்டிருக்கிறது. அவர் அழுகிறார், அல்லது கையை ஓங்குகிறார். நீங்களும் அழுகிறீர்கள். விடிகிறது. கிணறு மட்டும் நேற்றுப் போலவே திறந்து கிடக்கிறது.

இந்தச் சண்டையை இன்றோடு நிறுத்துங்கள். இதில் யாரும் ஜெயித்ததில்லை. உங்களிடம் சண்டை போடும் பலம் ஏராளமாக இருக்கிறது, அதை நான் சந்தேகிக்கவே இல்லை. மூன்று வருஷமாக ராத்திரித் தூக்கம் இல்லாமல், காலையில் சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நூறு நாள் வேலைக்கும் போய்வரும் ஒரு பெண்ணுக்குப் பலம் இல்லை என்று எவன் சொல்வான்? அந்தப் பலத்தை இடம் மாற்றுங்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றோடு மோதுங்கள். யார் திருகினாலும் திறந்துகொள்ளும் கேஸ் அடுப்போடு மோதுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைத்திருக்கும் பூச்சிமருந்தோடு மோதுங்கள். அவை நீங்கள் சொன்னபடி கேட்கும். வேலி போட்டால் நிற்கும், பூட்டினால் பூட்டியபடி இருக்கும். அப்பாவின் மூளையை உங்களால் திருத்த முடியாது. அவர் கைக்கு எட்டும் உலகத்தைத் திருத்த முடியும், அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

கணியம்பாடிக்காரர்களிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில், அமிர்திக் காட்டையும் ஜவ்வாது மலையையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கிடக்கும் இந்த ஒன்றியத்துக்கு, உலகின் மறதிநோய் ஆய்வுகளில் ஓர் இடம் இருக்கிறது. 1998-இல் கொச்சியில் கூடிய மருத்துவர்கள் ‘10/66’ என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். அன்று மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் மக்களிடையே நடந்த ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்த அநியாயத்தையே அவர்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் என்று தேர்ந்தெடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்வரும் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களில், மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பின் குழுவினர் 65 வயது கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பார்த்துப் பேசினார்கள்.

பல நாடுகளின் முடிவுகள் 2008-இல் ‘லான்செட்’ இதழில் சேர்ந்து வெளிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் கிராமங்களில் மறதிநோய் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான். அத்தனை நாடுகளிலும் இதுவே மிகக் குறைந்த எண். அதே முதியவர்களை, நம் போன்ற நாடுகளுக்கென்று 10/66 குழு செதுக்கிய முறையில் பார்த்தபோது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வந்தது. ஆயிரத்துக்கு மூன்று எங்கே, நூறு எங்கே!

நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே போனார்கள்? அமெரிக்க அளவுகோல், நோய் அன்றாட வாழ்க்கையைக் குலைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. குலைந்ததா என்று வீட்டாரிடம்தான் விசாரிக்க வேண்டும். நம் வீட்டார் என்ன சொல்வார்கள்? “வயசானா அப்டிதான். நாங்க பாத்துக்கிறோம்.” அவர் செய்த வேலையை மகன் எடுத்துக்கொண்டான். அவர் மறந்ததை மருமகள் நினைவில் வைத்தாள். தடுக்கி விழுமுன் பேரன் பிடித்துக்கொண்டான். குலைந்தது ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஆய்வாளர்களே பிறகு தந்த விளக்கமும் இந்தத் திசையில்தான் போகிறது: முதியவரிடம் குடும்பம் எதிர்பார்ப்பது குறைவு, அவருடைய வேலையைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் கைகள் அதிகம்.

இதைப் படிக்கிற கணியம்பாடிப் பெண்ணே, உன் தோளின் பலத்தை யோசித்துப் பார்! உலகப் புள்ளிவிவரமே ஏமாந்து போகும் அளவுக்கு நீ ஒரு நோயைத் தாங்கியிருக்கிறாய். ‘என்னால் முடியாது’ என்ற சொல்லை இனி உன் வாயால் சொல்லாதே. முடிந்திருக்கிறது. முடிந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தாங்கலுக்கு ஒரு விலையும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். நோய் என்று பெயர் வைக்காததால் யாரும் உதவிக்கு வரவில்லை. ‘வயசானா அப்டிதான்’ என்று விட்டதால் கிணற்றுக்கு வேலி வரவில்லை. நோய் என்று தெரிந்த அன்றே வீட்டை மாற்றியமைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்தும் இடத்தில் தொடங்குவோம்: அவர் கிளம்பிப் போவது.

சாயங்காலம் ஐந்து மணி. “ஊட்டுக்குப் போவணும்” என்று எழுந்துவிடுகிறார். தானே கட்டிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொல்கிறார். “இதாம்பா நம்ம ஊடு, நீ கட்னதுதானே” என்று நீங்கள் அடித்துச் சொல்கிறீர்கள். பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. வேண்டாம், பத்திரத்தை உள்ளே வையுங்கள். அவர் தேடும் வீடு நாற்பது வருஷத்துக்கு முந்தையது. அந்த நேரத்துக்கு மாடு திரும்பிவரும், தண்ணீர் காட்ட வேண்டும். கரண்ட் வரும், மோட்டார் போட வேண்டும். அந்த வேளையின் பரபரப்பு உடம்பில் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே மறுத்துப் பேசாமல் கேளுங்கள்: “அங்க இன்னாப்பா வேல கீது?” மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்பார். வாளியைக் கையில் கொடுங்கள். மாடு இல்லையா, முருங்கை மரத்துக்கு ஊற்றட்டும். அதற்கும் மசியவில்லையா, செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே நடங்கள். மாரியம்மன் கோயில் வரை போய், ஒரு டீ குடித்து, “வா நைனா, ஊட்டுக்குப் போலாம்” என்று நீங்களே அழைத்துத் திரும்புங்கள். சில நாள் இது பலிக்காது. பலிக்காத நாளில் உங்களைத் தோற்றவராக நினைக்காதீர்கள்; அன்று நோய் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ராத்திரி அவர் எழுந்துபோவதற்கு, பகல் முழுக்க அவர் சும்மா உட்கார்ந்து தூங்கியது ஒரு காரணமாக இருக்கும். பகலில் வேலை கொடுங்கள். வேர்க்கடலை உடைக்கட்டும், கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும். மடித்தது கோணலாக இருந்தால் அவர் பார்க்காதபோது சரிசெய்துகொள்ளுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்; இருட்டில் வழி தெரியாமல்தான் பலர் தெருக்கதவைத் திறக்கிறார்கள். தாழ்ப்பாளை அவர் கை பழக்கமாகத் தேடும் உயரத்திலிருந்து மாற்றித் தலைக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ வையுங்கள். கதவில் மாட்டுமணி ஒன்றைக் கட்டுங்கள். கதவு அசைந்தால் நீங்கள் விழிப்பீர்கள். மணி அசையாத நேரமாவது தூங்குவீர்கள்.

அதையும் மீறிப் போய்விட்டால்? சட்டைப் பையில் பெயரும் உங்கள் செல் நம்பரும் எழுதிய அட்டை இருக்கட்டும். சட்டையைக் கழற்றி எறிகிறவர் என்றால் அரைஞாண் கயிற்றில் ஒரு தகடு. உங்கள் போனில் அவருடைய அண்மைப் படம். தேடும்போது ஆபத்து இருக்கும் இடத்தில் முதலில் தேடுங்கள்: கிணறு, ஏரிக்கரை, தண்டவாளம், பெரிய ரோடு. காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது என்பதை மறக்கக் கூடாது. அடுத்து, அவர் பழைய நாளில் போய்வந்த நிலம், வேலை செய்த இடம், பிறந்த ஊர் போகும் பஸ் நிறுத்தம். ஒருவர் தேடும்போதே இன்னொருவர் 112-ஐ அழைக்க வேண்டும். ஒரு நாள் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது.

வீட்டுக்குள் செய்யவேண்டியவை பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சமையல் முடிந்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவது, தீப்பெட்டியை இடம் மாற்றுவது, பூச்சிமருந்தையும் பினாயிலையும் பூட்டிய பெட்டியில் போடுவது, அரிவாளையும் கடப்பாரையையும் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றுவது, குளியலறை வழுக்கலைத் தேய்த்துப் போக்கி ஒரு ஸ்டூல் போடுவது. பீடி பிடிக்கிறவர் என்றால் தனியே பற்றவைக்க விடாதீர்கள். வைக்கோல் போர் பக்கம் அறவே கூடாது. மாத்திரை அட்டைகள் அவர் கையில் இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் பணம் அதிகம் ஆகாது. ஆகிற இடம் கிணறு ஒன்றுதான். அதற்கும் முள்வேலியும் ஒரு படலும் இன்றைக்குப் போதும், சுவர் நாளைக்குக் கட்டலாம்.

வண்டிச் சாவி தனி விவகாரம். ஆண்பிள்ளைக்கு வண்டி மானத்தோடு ஒட்டியது. “நீ ஓட்டக் கூடாது” என்ற சொல் அவரை அவமானப்படுத்தும், அடிக்கவும் வரச் செய்யும். வண்டியையே கண்ணுக்கு மறைவாக உறவினர் வீட்டில் நிறுத்துங்கள். “மெக்கானிக்கு கிட்ட கீது, வா நான் கூட்டிம்போறேன்” என்று சொல்லுங்கள். பொய் சொல்கிறோமே என்று மனசு உறுத்தும். அவரையும் சாலையில் வரும் ஊரான் பிள்ளையையும் காப்பாற்றும் அந்த வார்த்தையைத் தயங்காமல் சொல்லலாம் என்பது என் திடமான கருத்து.

இனி, உங்கள் நெஞ்சைக் குத்தும் விஷயம். “என் கம்மல திருடிட்டா” என்று அத்தை தெருவில் நின்று உங்களைக் காட்டிக் கத்துகிறார். பத்து வருஷம் அவருக்குப் பணிவிடை செய்த உங்களை! உங்களுக்குள் ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும், வாய் மட்டும் திறக்க வேண்டாம். வைத்த இடம் அவருக்கு நினைவில்லை. பொருள் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை மூளை ஒரு திருடனைப் போட்டு நிரப்புகிறது. வீட்டில் அருகில் இருக்கிறவர் எவரோ அவர் முகம்தான் அங்கே வந்து விழும். “அய்யய்யோ, கம்மல காணமா? வாங்க அத்த, தேடலாம்” என்று கூடவே தேடுங்கள். தேடும்போது பழைய புடைவை ஒன்று கிடைக்கும், அதைப் பற்றிப் பேச்சு திரும்பும். தெருவில் கேட்டவர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: “அத்தைக்கு மூளையில நோவு.”

அடிப்பதும் கடிப்பதும் எப்போது நடக்கிறது என்று கவனியுங்கள். பல வீடுகளில் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும்தான். பின்னாலிருந்து ஒரு கை வந்து சேலையைப் பிடித்தால் யாருக்கும் பதறும். முன்னால் வந்து, முகம் காட்டி, பெயர் சொல்லி, ஒரு நேரத்துக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முதலில் காலில் தண்ணீர். பிடிவாதமாக மறுத்தால் விடுங்கள், அரை மணி கழித்துப் பார்க்கலாம். ஒரு நாள் குளிக்காமல் யாரும் செத்ததில்லை. மாமா எல்லார் முன்னாலும் வேட்டியை அவிழ்க்கிறார் என்றால் கெட்ட எண்ணம் என்று முடிவு கட்டும் முன், சிறுநீர் முட்டுகிறதா, அரிக்கிறதா, புழுக்கமா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கல்லில் வெட்டியது போல மனத்தில் வையுங்கள். நேற்று வரை ஓரளவு இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், ஓயாமல் ஆவேசப்படுகிறார், அல்லது எழுப்பினாலும் எழாமல் கிடக்கிறார் என்றால் அது மறதிநோய் முற்றியது இல்லை. மறதிநோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் நகரும். மணிக்கணக்கில் வந்த மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, விழுந்ததில் தலையில் அடி, சொல்லத் தெரியாத வலி. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ‘வயசானா அப்டிதான்’ என்ற வாக்கியம் உயிரைக் குடிப்பது இங்கேதான்.

தூங்கினால் போதும் என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆவேசத்தை அடக்கும் மனநல மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. சில வகை மறதிநோயில், குறிப்பாக இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்து, நடையும் விறைத்துப்போகும் வகையில், அந்த மருந்துகள் ஆளையே முடக்கிவிடும். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, எத்தனை நாள் என்றும் சொன்னால் கொடுங்கள்.

கயிறு? அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம், ஆனால் பேச வேண்டும். வேறு வழி தெரியாமல், வேலைக்குப் போகும்போது கட்டிலோடு காலைக் கட்டிவிட்டுப் போகும் வீடுகள் உண்டு. அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏர்வாடியை நினையுங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்காக என்று போட்ட சங்கிலிதான் அவர்களைத் தீக்குள் பிடித்து வைத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நினைவையும் இடம் பொருள் உணர்வையும் பாதிக்கும் கோளாறுகள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. கட்டப்பட்டவர் திமிறுவார், தோல் உரியும், விழுவார், படுக்கைப் புண் வரும். வெளியே பூட்டிவிட்டுப் போவதும் இதே ஆபத்துதான். இரண்டு மணி நேரம் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடுவதில் காட்டுங்கள் உங்கள் பிடிவாதத்தை.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்கிறீர்களா? வெட்கத்தைத் தூக்கி எறிந்தால் கிடைப்பார். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. உங்கள் தெருவில் உங்கள் வீடு மட்டும் இருக்க வாய்ப்பே இல்லை. ஜப்பான் 2005-இல் ஒரு காரியம் தொடங்கியது. கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று சாதாரண மக்களைக் கூட்டிவைத்து, மறதிநோய்க்காரர் எதிரில் வந்தால் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கற்றவர்கள் கையில் ஆரஞ்சு நிற வளையம் போட்டுக்கொண்டார்கள். நமக்கு வளையம் வேண்டாம். டீக்கடை அண்ணன், ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள், பால் சொசைட்டிக்காரர், ரேஷன் கடைக்காரர், நம் வழி போகும் பஸ்ஸின் கண்டக்டர், இவர்களிடம் நேரில் போய் அப்பாவின் படத்தைக் காட்டுங்கள். “எங்கப்பாவுக்கு மறதிநோவு. தனியா வந்தா டீ குடுத்து உக்கார வெச்சி எனக்கு ஒரு போன் போடுண்ணா.” தலை குனியாமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு யார் தலை குனிகிறார்கள்?

கடைசியாக உங்கள் கையைப் பற்றி. அது ஓங்கும். ராத்திரி மூன்றாவது தடவை ஈரப் பாயை மாற்றும்போது யாருக்கும் ஓங்கும். அந்த நொடியில் அவர் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். முகத்தில் தண்ணீர் அடியுங்கள், பிறகு வாருங்கள். உங்கள் சோர்வும் அவருக்கு ஆபத்துதான், திறந்த கிணற்றுக்குச் சற்றும் குறையாத ஆபத்து. கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. எழுதப் படிக்கத் தெரிந்த சாதாரண உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு தேடிப் போய்ப் பேசவும் வழி சொல்லவும் வைத்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மன உளைச்சல் குறைந்தது. நோய் அப்படியே இருந்தது, சுமக்கிறவர் நிமிர்ந்தார்.

வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை வளர்த்தார்கள். குடும்பத்தையும் சிகிச்சையின் பகுதி என்று மதித்த இடம் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போங்கள், கேளுங்கள். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதோடு நிறுத்தாமல் மறதியைப் பற்றியும் சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. உங்கள் மனம் உடைகிற ராத்திரிக்கு 14416 இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு போன். ஓசூரிலோ சென்னையிலோ வேலைபார்க்கும் தம்பிக்கு. “பணம் அனுப்புறேன்க்கா” என்பான். பணமும் வேண்டும், ஆளும் வேண்டும் என்று சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், தேதி சொல்லுங்கள்: “வர்ற ரெண்டாம் சனிக்கிழம ராத்திரி நீ இங்க அப்பாகூடப் படுத்துக்கணும். மாசாமாசம்.” அவன் வந்ததும் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது, மாத்திரை எத்தனை மணிக்கு, ‘ஊட்டுக்குப் போவணும்’ என்றால் என்ன பதில் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள்.